பட்ட காலிலே ஏன் படுகிறது?

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, இரண்டாம் ஆண்டு பட்டப்படிப்பு படிக்கும் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"தை பிறந்தால் எங்கள் வீட்டில் புளி வேலை. பங்குனி வரை அப்பா, அம்மா, மாமா எல்லோரும் மரத்தடியில்தான். இந்த ஆண்டு ஒருவருடைய பட்டா நிலத்திலிருந்த 22 மரங்களை அப்பா 80,000 ரூபாய்க்குக் குத்தகை பேசினார். மண்டிக்காரர் முன்பணமாக 60,000 கொடுத்தார். அம்மாவின் நகையை அடகுக்கடையில் வைத்து 30,000 வாங்கினோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. சென்ற ஆண்டு இதே மரங்கள் கிளை ஒடியக் காய்த்தன. இந்த ஆண்டு பாதிகூட இல்லை. மாசியில் இரண்டு நாள் மழை பிடித்து, உலுக்கிப் போட்டிருந்த பழம் நனைந்தது. மறுவாரம் அப்பா கிளையிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்தது. புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். யாரோடும் பேசுவதில்லை. தேறிய 1,350 கிலோவை ஓட்டோடு கிலோ 32 ரூபாய்க்கு மண்டியில் போட்டோம். இன்னும் 23,000 பாக்கி என்கிறார் மண்டிக்காரர். நானும் அம்மாவும் தம்பியும் அவர் கிடங்குக்கு வந்து கொட்டை எடுக்க வேண்டும், கூலியில் கழித்துக்கொள்வார், கணக்குத் தீரும்வரை வேறு வேலைக்குப் போகக்கூடாது என்கிறார். தம்பிக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு.

ஒவ்வோர் ஆண்டும் முதல் மரத்துக்குக் கற்பூரம் ஏற்றுவது நான்தான். இந்த முறை கல்லூரியில் தேர்வு இருந்ததால் போகவில்லை. அதனால்தான் இத்தனையும் வந்தது என்கிறார் ஆயா. 'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்று நாள் முழுவதும் புலம்புகிறார். நான் கல்லூரி வாசலை மிதித்ததிலிருந்தே வீட்டுக்கு நேரம் சரியில்லையாம். ஜோசியர் 15,000 ரூபாய்க்கு ஒரு பரிகாரம் சொல்லியிருக்கிறார். நான் ராசியில்லாதவளா? படிப்பை நிறுத்திவிட்டுக் கிடங்குக்குப் போகட்டுமா? பரிகாரம் செய்தால் அம்மாவாவது நிம்மதியாக இருப்பாரா?"

மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அப்பாவின் கால் கண்ணில் நின்றது. இரண்டாம் முறை ஒரு கழித்தல் கணக்கு நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியின் கிராமக் கிளைகளில் கடன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான், பழக்கம் விடவில்லை.

1,350 கிலோ, கிலோ 32 ரூபாய் என்றால் 43,200. வாங்கிய முன்பணம் 60,000. மீதி 16,800. மண்டிக்காரர் சொல்வது 23,000. நடுவில் 6,200 ரூபாய் நிற்கிறது. தரகு, எடைக்கழிவு, ஈரக்கழிவு, இறக்குகூலி, முன்பணத்துக்கு வட்டி என்று அவர் ஏதாவது சொல்லக்கூடும். அவற்றில் சில நியாயமாகவும் இருக்கலாம்; நனைந்த புளிக்கு எடைக் கழிக்காத மண்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த இனத்துக்கு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டியது அவர் கடமை. உங்கள் வீட்டில் யாரும் அந்தச் சீட்டைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். எல்லோரும் நேரம் சரியில்லை என்று நம்பிவிட்ட வீட்டில் சீட்டு கேட்க யாருக்குத் தோன்றும்?

இன்னொரு கூட்டலும் போட்டுவிடுவோம். மண்டிக்கு 16,800, அடகுக்கடைக்கு அசல் 30,000. ஆக 46,800 ரூபாயும் அடகு வட்டியும். உங்களுக்கு இது பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இது எண்ணி முடிக்கக்கூடிய தொகை. இரவில் விழித்துக்கொண்டு யோசிக்கும்போது கடனுக்கு இலக்கம் இருப்பதில்லை, அதுதான் அதன் பலம். இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் இந்த எண்ணை எழுது.

இனி உன் முதல் கேள்வி, ராசி. நீ இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாய். சென்ற ஆண்டு முதலாம் ஆண்டு. அதாவது நீ கல்லூரி வாசலை மிதித்த முதல் வருடத்தில்தான் அந்த மரங்கள் கிளை ஒடியக் காய்த்தன. அப்போது உன் ராசியைப் புகழ்ந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

இந்த ஆண்டு காய்ப்புக் குறைந்ததற்குக் காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. புளிக்கு ஒன்றுவிட்டு ஓர் ஆண்டு காய்க்கும் சுபாவம் உண்டு. ஒரு பருவத்தில் சுமை தாங்காமல் காய்த்த மரம், தன்னிடமிருந்த சத்தையெல்லாம் அந்தக் காய்களில் கொட்டிவிடும். அடுத்த வைகாசி, ஆனியில் பூவுக்குப் போதிய வலு இருக்காது. வைகாசியிலிருந்து ஆடி வரை பூக்கும், தையிலிருந்து பங்குனி வரை பழுக்கும். ஆகவே நீ தேர்வெழுதிய அந்த நாளுக்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே இந்த ஆண்டின் விளைச்சல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கற்பூரத்துக்கு அதில் வேலை இல்லை.

உன் அப்பா செய்த தவறு, காய்த்த ஆண்டைப் பார்த்து அடுத்த ஆண்டுக்கு விலை பேசியது. இதற்காக அவரைக் குறை சொல்லிவிடாதே. 1990களில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிளையில் நான் இருந்தபோது, மைத்துனர்கள் இருவர் ஏரிக்கரைப் புளியை ஏலம் எடுப்பதற்குக் கடன் கேட்டு வந்தார்கள். முந்தைய பருவத்தில் அவர்களுக்கு நல்ல லாபம். அதைப் பார்த்து அவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டேன். அந்த ஆண்டு மரங்கள் ஓய்வெடுத்துக்கொண்டன. இருவரில் மூத்தவர் கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போனார், இளையவர் பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போனார். பட்டம் பெற்று, பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கிய எனக்கே அந்தப் புத்தி அன்று இல்லை. உன் அப்பாவுக்கு முன்பணம் கொடுத்த மண்டிக்காரருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். நிலக்காரருக்கும் இருந்திருக்கும், 80,000 என்றதும் அவர் பேரம் பேசாமல் தலையாட்டியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆயா சொல்லும் பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. அது உண்மைதான். கெட்ட குடியே கெடும். எப்படி என்று மட்டும் பார்.

மாசி மழை உங்கள் பழத்தின்மேல் மட்டுமா பெய்தது? பக்கத்துத் தோப்பிலும் பெய்தது. கடன் இல்லாதவர் நனைந்த பழத்தைக் களத்தில் நாலைந்து நாள் வெயிலில் புரட்டிக் காயவைத்திருப்பார். பிறகு வீட்டுத் திண்ணையிலேயே ஓடு நீக்கி, நாரெடுத்து, கொட்டை எடுத்து, வசதி இருந்தால் குளிர்பதனக் கிடங்கில் போட்டுவைத்து, வரத்துக் குறைந்து விலை ஏறும் மாதத்தில் விற்பார். கிருஷ்ணகிரி பழையபேட்டைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், அங்கே புளி வியாபாரம் பங்குனியோடு முடிந்துபோவதில்லை. முன்பணம் வாங்கிய நீங்கள் பழத்தை ஈரத்தோடு, ஓட்டோடு, அவர் சொன்ன நாளில், அவர் சொன்ன விலைக்குப் போட்டீர்கள். நூறு கிலோ பழத்தில் சதை 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ அளவுக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கொட்டைக்கும் விலை உண்டு, மாவாக அரைத்து நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுத்துகிறார்கள். ஓடுகூட அடுப்பெரிக்கப் போகும். அவ்வளவையும் சேர்த்து 32 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். மழை எல்லோருக்கும் பொது. அவசரம் உங்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அப்பா ஈரக் கிளையில் ஏறியதும் அந்த அவசரத்தில்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீ கேட்டுப் பார்க்க வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்கும்.

கிடங்குக்குப் போவதா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில்: போகாதே. தம்பியை அந்த வாசல் பக்கமே அனுப்பாதே.

மண்டிக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வழக்கமாகப் பேசுவதைப் பேசியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டதன் பெயர் அவருக்குத் தெரியாவிட்டாலும் சட்டத்துக்குத் தெரியும். கொடுத்த முன்பணத்துக்காக ஒரு குடும்பத்தின் உழைப்பைப் பிடித்துவைத்து, வேறு வேலைக்குப் போகக்கூடாது என்று தடுப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்திருக்கிறது. அப்படிப்பட்ட கடனையே செல்லாது என்கிறது. 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பிறர் கிடங்கில் வேலைக்கு வைப்பது தனிக் குற்றம். வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொன்னால், மண்டிக் கிடங்கு உங்கள் வீட்டுத் தொழில் இல்லை என்று சொல்.

இந்தச் சட்டங்களை முதல் நாளே தூக்கிக்கொண்டு போகாதே. உன் மாமாவோடும் ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவரோடும் அம்மாவை அனுப்பு. "பாக்கியைக் கொடுக்கமாட்டோம் என்று சொல்லவில்லை. கணக்குச் சீட்டு கொடுங்கள். ஒத்துக்கொண்ட தொகையை மாதத் தவணையாகக் கொடுக்கிறோம். உழைப்பில் கழிக்கும் பேச்சு வேண்டாம்" என்று இவ்வளவு மட்டும் பேசட்டும். கொடுக்கும் ஒவ்வொரு தவணைக்கும் நோட்டில் அவர் கையெழுத்து வேண்டும். மிரட்டினால், அல்லது வீட்டு வாசலில் வந்து நின்றால், 15100 என்ற எண்ணுக்குப் பேசு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு இணைப்பார்கள். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள். கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம். தம்பி விஷயத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

அம்மா கொட்டை எடுக்கத் தெரிந்தவர் என்றால் அந்த வேலையை வேறொருவரிடம், கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, மாலையில் காசைக் கையில் வாங்கிக்கொண்டு செய்யட்டும். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் வைகாசி விடுமுறையில் வேலை செய்ய விருப்பமிருந்தால் கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் அந்த நேரத்தில்தான் ஓடத் தொடங்கும். முன்பணம் மட்டும் வாங்காதே.

அடகுக்கடைக்கு வருவோம். 30,000க்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 900, ஆண்டுக்கு 10,800. அசலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதே நகையை உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ ஒரு வங்கியிலோ வைத்தால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் வட்டி வரும். மாமாவிடமோ மகளிர் குழுவிலோ இரண்டு நாளைக்குக் கைமாற்று வாங்கி, நகையை மீட்டு, அன்றே சங்கத்தில் வைத்து, கைமாற்றைத் திருப்பிவிடலாம். என் மேசையில் இதைச் செய்தவர்கள் பலர். மாதம் 600 ரூபாய் மிச்சம். மண்டித் தவணையில் ஒரு பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரவேண்டும். வருகிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. வராவிட்டால் கல்லூரியில் அதற்கென்று பொறுப்பாக இருக்கும் ஆசிரியரிடம் நாளைக்கே கேள். இந்தப் பணம் நீ படித்தால்தான் வரும். படிப்பை நிறுத்தினால் வீட்டுக்கு வரவேண்டிய நிச்சயமான ஆயிரம் ரூபாயும் நிற்கும். ஆயாவிடம் ராசியைப் பற்றி வாதாடுவதைவிட இந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்.

அப்பா. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ.

புத்தூர் கட்டில் நம்பிக்கை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். என் சொந்தத்திலும் இருக்கிறார்கள். அதைப் பழித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் கணுக்கால் உடம்பின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் மூட்டு. எலும்பு சற்றே விலகிச் சேர்ந்துவிட்டாலும், மரம் ஏறுவது கிடக்கட்டும், வரப்பில் நடப்பதே வாழ்நாள் வலியாகிவிடும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வீக்கம் கட்டை மீறினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டால் பயப்படாதே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று இருக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றிலிருந்து தொடங்கு.

விபத்துக்கு நிவாரணம் கிடைக்குமா என்று மாமா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். பொய் நம்பிக்கை தரமாட்டேன். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் வங்கி விபத்துக் காப்பீடு இருந்தால்கூட அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆறிவிடும் எலும்பு முறிவுக்கு அதில் பணம் இல்லை. உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலும் அப்பா உறுப்பினரா என்று மட்டும் பாருங்கள். அட்டை இருந்தால், உன் படிப்புக்கான உதவித்தொகையையும் அந்த வழியில் கேட்கலாம். இல்லாவிட்டால் இப்போதாவது பதிந்துவையுங்கள்.

அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குக் காலைவிடக் கவலை. சம்பாதித்த மனிதன் பாயில் படுத்துக்கொண்டு, மனைவியும் பிள்ளைகளும் கிடங்குக்குப் போவதா என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன்மேல் பழி விழுவதையும் கேட்கிறார். தடுக்கவில்லையே என்று உனக்குக் கோபம் இருக்கலாம். உடைந்தது தன் கால் என்பதால் தனக்குப் பேச உரிமை இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார். எந்த மரத்தில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேள். அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைக் கேட்டால் பேசுவார். "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளாதே. தனியே விடாமல் ஒருவர் கூட இருங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கும், 104லும் கிடைக்கும்.

பரிகாரம் பற்றி. சாமி கும்பிடுவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். 15,000 ரூபாய்க்குத்தான் தடை. அந்தப் பணம் உங்களிடம் இல்லை. ஆகவே அதையும் கடன்தான் வாங்குவீர்கள், மூன்று ரூபாய் வட்டிக்கு. சனியை அனுப்பிவைக்க மாதம் 450 ரூபாய் வட்டி கட்டுவது எந்தச் சனிக்கும் பிடித்துப்போகும். ஆனால் ஆயாவும் அம்மாவும் பயந்திருப்பது நிஜம். ஆயாவின் மகன் மரத்திலிருந்து விழுந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத கேள்வி அது. கைக்கெட்டிய பதில் நீ. ஒரு வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள். அரிசி, வெல்லம், சூடம், ஒரு தேங்காய். கற்பூரத்தை நீயே ஏற்று. அது உன் தப்பை ஒத்துக்கொள்வதாகாது. வருடா வருடம் நீ செய்யும் வேலை, இந்த வருடம் தாமதமாகச் செய்கிறாய். ஜோசியரிடம் அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல்லூரிக்கு இத்தனை நாள் போகவில்லை என்றால் துறைத்தலைவரைப் பார்த்து நடந்ததைச் சொல். 75 சதவீத வருகை என்ற கணக்கு உன்னைத் தேர்வில் மறித்துவிடாமல் இருக்க இப்போதே பேசிவைப்பது நல்லது.

புரட்டாசி வாக்கில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரியும்போது மறுபடியும் மரம் பேசும் பேச்சு வரும். அப்பாவால் ஏற முடியாவிட்டாலும் மாமா விடமாட்டார். அப்போது ஒரே ஆண்டுக்கு மொத்தத் தொகை பேச வேண்டாம். காய்க்கும் ஆண்டும் காய்க்காத ஆண்டும் சேர்ந்து வரும்படி இரண்டாண்டுக்குப் பேசிப் பாருங்கள், பணம் தவணையாக. அதைவிட நல்லது வாரம்: விளைந்ததில் நிலக்காரருக்கு இத்தனை பங்கு, உங்களுக்கு இத்தனை பங்கு. மரம் ஏமாற்றினால் அவரும் சேர்ந்து ஏமாறட்டும். நிலக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று மாமா சொல்வார். சென்ற ஆண்டு எத்தனை கிலோ, இந்த ஆண்டு எத்தனை கிலோ என்று மரம் மரமாக எழுதிய நோட்டைக் காட்டி ஒருமுறை கேட்கச் சொல். 22 மரங்களில் எவை இரண்டு ஆண்டும் காய்த்தன என்றும் அந்த நோட்டில் தெரியும். அவற்றை மட்டும் பேசினாலும் போதும். அந்தப் பட்டியலை அப்பா படுத்திருக்கும் இந்த நாட்களிலேயே அவரிடம் கேட்டு எழுதி முடித்துவிடு. கணக்குச் சீட்டு கைக்கு வந்ததும் அந்த 6,200க்கு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.